பத்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக ஊரையே மேலே கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறார், அவர் மட்டும் படியில்தான் ஏறுவார். கேட்டால், "லிஃப்ட் ஓடினா என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?" என்பார். அதுவும் நியாயம்தானே. நின்றுபோன லிஃப்ட்டுக்குத்தான் அவரைத் தேடுகிறார்கள், அதன் மோட்டார் அறையோ மொட்டைமாடிக்கும் மேலே இருக்கிறது. பதினான்கு மாடிக் கட்டடம் என்றால் பதினான்கையும் ஏறியாக வேண்டும், தோளில் கருவிப்பை வேறு.

நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, நேரத்துக்கு வரமாட்டார். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். பழுது பார்த்த லிஃப்ட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்க்காமல் இடத்தைவிட்டு நகரமாட்டார், அதுதான் வியாதி. முதல் தடவை காலியாக அனுப்பிவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்பார். இரண்டாம் தடவை அவரே ஏறிப்போவார். மூன்றாம் தடவை எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எங்கள் கல்யாணப் பதிவுக்கே மனிதர் இருபது நிமிடம் தாமதம். பதிவு அலுவலகத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றதாம், கல்யாணச் சட்டையோடு உள்ளே இறங்கிவிட்டார். எங்கள் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் கிரீஸ் கறை இருக்கும், போய்ப் பார்க்கலாம்.

நானோ கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். எட்டரைக்கு வரச்சொன்னவர் எட்டு நாற்பதுக்கு வந்தால், "உங்க நேரம் முடிஞ்சுடுச்சு, வேற நாள் போட்டுத் தரேன்" என்று சொல்கிற வாய் இது. எனக்குப் பார்த்து இப்படி ஒருவர் வாய்த்தார். கல்யாணமான மறு வாரமே சுவர்க் கடிகாரத்தையும் அவருடைய கைக்கடிகாரத்தையும் பத்து நிமிடம் முன்னால் திருப்பி வைத்தேன். திருட்டுத்தனமாக ஒன்றும் இல்லை, சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் மணி பார்த்ததும் ஒரு கணம் மேலே பார்ப்பார். மனசுக்குள் பத்தைக் கழிக்கிறார் என்று அர்த்தம். "தெரிஞ்சே கழிச்சிக்கிறார்னா அப்புறம் எதுக்கும்மா இந்தக் கூத்து?" என்று என் மகள் கேட்பாள். கேள்வி சரிதான். ஆனாலும் இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

ஓட்டத்தில் அவரை இழுத்துவிட்டது பன்னிரண்டாம் மாடி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர். அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்ற ஒரு நாள், முன்னால் இவர் ஏற, பின்னால் அவர் காய்கறிப் பையோடு ஏறியிருக்கிறார். பன்னிரண்டாம் மாடியில் டீச்சருக்கு நாக்கு தள்ளிவிட்டது. இவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"உங்களுக்கு மூச்சே வாங்கலையா?"

"எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டாராம் நம்ம ஆள்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் இருந்தார். நாற்பத்தாறு வயதில் என்ன புது ஆசை, நாலு நாளில் அலுத்துவிடும் என்று நான் கண்டுகொள்ளவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. அவர் செய்வதை ஓட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பார்க்கிறவர்களுக்குப் பேருந்தைத் தவறவிட்டவர் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். ஆனால் நிற்கமாட்டார். வேகமாக ஓடினவர்கள் எல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போது இவர் அதே நடையில் அவர்களைத் தாண்டிப் போவார்.

போன வருடம் ஒரு மாலை, சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவர் சாதாரணமாகச் சொன்னார், "அறுபது கிலோமீட்டர் ஒண்ணு இருக்கு. மலை மேல."

டீச்சரிடம் விசாரித்தேன். ஒற்றையடிப் பாதை, கல்லும் வேரும், ஏறினால் இறக்கம், இறங்கினால் மறுபடி ஏற்றம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குள் முடிக்க வேண்டும். நடுவில் சில இடங்களுக்குக் கெடு உண்டு. அந்த நேரத்துக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அதே கதிதான் என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பந்தயமா? நீங்களா?"

"அதனாலதான்" என்றார். சட்டையைக் கீழே வைத்தார். "கடைசிக் கெடு அம்பத்திரண்டாவது கிலோமீட்டர்ல, நாலரை மணிக்கு. அங்க நீ வந்து நிக்கணும். ஒரு தடவையாவது நான் சொன்ன நேரத்துக்கு வர்றதை நீ பார்க்கணும்."

அவர் என்னிடம் கேட்டு வாங்கினது ரொம்பக் குறைவு. மருந்துக்குக்கூட எதையும் வேண்டும் என்று சொல்லமாட்டார். அதனால் நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

எட்டு மாதம் பாடுபட்டார். வேலை முடிந்த கட்டடங்களில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று நாலு சுற்று. ஞாயிற்றுக்கிழமை முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து விழுந்தன. மகள் ஓட்டக்காரர்கள் கட்டுகிற கடிகாரம் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாள். "அதுல மணி எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள கெடு முடிஞ்சிடும்" என்று பழைய முள் கடிகாரத்தையே கட்டிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. முழங்கால் வலியால் டீச்சர் ஓடவில்லை, எங்களைத் தன் காரில் அழைத்துப் போனார். இருட்டு விலகாத நேரத்தில் இருநூறு பேரோடு இவரும் மலைக்குள் போனார், கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக.

முப்பத்தாறாவது கிலோமீட்டரில் வீட்டு ஆட்கள் அவரவர் ஓட்டக்காரரைக் கவனித்துக்கொள்ளலாம். ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது, ஆனாலும் சிரித்தார். ஷூவைக் கழற்றினால் பாதம் ஊறிப்போய் வெளுத்திருந்தது. காலைத் துடைத்தேன், கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன், காலுறை மாற்றினேன், வாயில் வாழைப்பழத்தைத் திணித்தேன். கடிகாரத்தின் வார் நனைந்து மணிக்கட்டை அறுத்திருந்தது. அதையும் கழற்றித் துடைத்தேன். துடைக்கும்போதுதான் கவனித்தேன், மணி ஒன்று இருபது காட்டியது. உண்மையில் ஒன்று பத்து.

இவ்வளவு தூரம் ஓடின மனிதர் கணக்கு வேறு போட வேண்டுமா என்று தோன்றியது. களைப்பில் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால்? கடிகாரத்தின் திருகைப் பிடித்துப் பத்து நிமிடம் பின்னால் கொண்டுவந்து, சரியான நேரத்தை வைத்துக் கையில் கட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பழத்தை மென்றுகொண்டிருந்தார். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கால் நகம் பிளந்திருப்பதைப் பார்த்துவிட்டேன், "இதுக்குத்தான் அன்னிக்கே நகத்தை வெட்டுங்கன்னு சொன்னேன்" என்று ஆரம்பித்தேன், டீச்சர் "கிளம்புங்க, கிளம்புங்க" என்று விரட்டினார், அவரும் எழுந்து போய்விட்டார். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கத்தினேன், உப்பு மாத்திரை போடச் சொல்லிக் கத்தினேன். கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கத்தவில்லை.

நாலு மணிக்கே ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டருக்குப் போய் நின்றுவிட்டோம். ஒரு கூடாரம், ஒரு மேசை, மேசை மேல் பெரிய எண்களோடு ஒரு கடிகாரம். பக்கத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பெண், கையில் பட்டியல். முன்னூறு மீட்டர் தள்ளி ஒரு வளைவு. அந்த வளைவில் திரும்பினால் இங்கிருந்தே ஆளைப் பார்க்கலாம். நான் கண்ணைச் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு இருபத்தாறுக்கு இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஓடிவந்தாள். ஒரு ஷூவைச் சுற்றிக் கறுப்பு நாடா. மின்கம்பி ஒட்டுகிற அந்த நாடாவை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், துவைக்கிறதுக்கு முன்னால் வாரத்துக்கு ஒரு சுருள் அவர் பாக்கெட்டிலிருந்து எடுக்கிறேனே.

"அடி பிஞ்சு தொங்கிடுச்சுங்க. ஒரு அண்ணன் உட்கார வெச்சு ஒட்டிக் கொடுத்தார்" என்று மஞ்சள் சட்டைக்காரியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். "பின்னாடியே வர்றார்." எண்ணைக் குறித்துக்கொண்டதும் மலைப்பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரின் தோளைத் தட்டினேன். நாலு இருபத்தெட்டு. நாலு இருபத்தொன்பது. வளைவில் அவர் தெரிந்தார்.

நடந்து வந்தார். நாடாச் சுருளை விரலில் சுழற்றிக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற மாதிரி ஆற அமர நடந்து வந்தார்.

"ஓடுங்க" என்று கத்தினேன். கையை ஆட்டினார். "மணியாச்சு, ஓடி வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் உற்சாகமாகக் கையை ஆட்டினார். அவர் என்ன செய்வார்? இருபத்திரண்டு வருடமாக நான் மணியாச்சு என்று கத்தாத நாள் எது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இன்னும் பத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் மணி நாலு பத்தொன்பதுதான்.

மேசைக்கு வந்தபோது நாலு முப்பத்துமூன்று. வரும்போதே என்னைப் பார்த்து, 'பார்த்தியா' என்று புருவத்தைத் தூக்கினார். பிறகு மேசைக் கடிகாரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு மெதுவாக இறங்கிப் போனதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"உங்க நேரம் முடிஞ்சுடுச்சுங்க" என்றாள் மஞ்சள் சட்டைக்காரி. என் குரல், என் மேசைக் குரல், அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. நான் சும்மா இருப்பேனா? மூன்று நிமிடத்தில் மலை எங்கேயாவது ஓடிப்போய்விடுமா என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஷூ ஒட்டப் போய்த்தானே தாமதம் என்றேன். அவள் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்தான் என் கையைப் பிடித்தார்.

"விடும்மா. அவங்க வேலையை அவங்க செய்யறாங்க. கால் கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு, அவ்வளவுதான்." எண் அட்டையின் ஊக்குகளை அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி, கசங்காமல் நீவி, மேசையில் வைத்தார். டீச்சரிடமும் அதையேதான் சொன்னார். கால் மக்கர்.

வண்டி காத்திருந்தது. அவர் ஏறவில்லை. அங்கிருந்து முடிவிடத்துக்கு ஏழு கிலோமீட்டர் தார்ச்சாலையும் உண்டு. "நடந்தே இறங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். முக்குக் கடைக்குப் போனாலே கால் வலிக்கிறது என்கிறவள் நான். சரி என்றேன். டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைகளை வாங்கிக்கொண்டு காரில் போனார்.

முதல் இரண்டு கிலோமீட்டர் நான் வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவருடைய ஷூ சரக் சரக்கென்று தேய்ந்தது, என் செருப்பு பட் பட்டென்று அடித்தது. ஒரு மைல்கல் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"நான்தான் வாட்ச்சைத் திருப்பினேன். அங்க, சாக்ஸ் மாத்தும்போது. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். எட்டு மாசம் நீங்க பட்ட பாட்டையெல்லாம் நான் ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டேன்."

"தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ திருப்பினதைப் பார்த்தேன். அரைக் கண்ணைத் திறந்துதான் வெச்சிருந்தேன்." காதைத் தேய்த்துக்கொண்டார். "சரியான மணி தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணுக்காக நின்னேன். ஷூ அப்படித் தொங்கும்போது எப்படி விட்டுட்டுப் போறது? அது நானா எடுத்த முடிவு. நீ ஏன் போட்டுக் குழப்பிக்கிற?"

பொய் சொன்னால் அவர் காதைத் தேய்ப்பார். கல்யாணமான முதல் வாரத்திலேயே நான் கண்டுபிடித்தது அது. ஆனால் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் மலையில் காதுக்குள் மண் போயிருக்காதா, பூச்சி கடித்திருக்காதா? நம்பினால் எனக்கு நல்லது. அதனால் நம்பினேன். மூச்சு சீரானது. மிச்ச வழியெல்லாம் நகத்தைப் பற்றி அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவரும் உம் கொட்டிக்கொண்டே வந்தார்.

நாங்கள் கீழே வந்தபோது ஆறு ஐம்பது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முடிவிடத்தில் காற்றடைத்து நிறுத்தியிருந்த தோரண வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கியாகிவிட்டது. நடைபாதை ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் பதக்கம், ஒரு கால் வெறுங்காலாக. இவரைக் கண்டதும் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தாள்.

"பிடிச்சுதா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"கடைசி வரைக்கும் பிடிச்சுதுண்ணா."

ஷூவை வாங்கிக்கொண்டார். நாடாவின் நுனியை இழுத்துப் பார்த்தார், அடியை வளைத்துப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் வேலை முடிந்த திருப்தியைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கோ கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்பவே கேட்டேன்க்கா, உங்களுக்கு நேரமாகலையாண்ணான்னு. 'எனக்கென்ன அவசரம், என் வீட்டுக்காரி எனக்குன்னு பத்து நிமிஷம் தனியா எடுத்து வெச்சிருக்கா, நீ எழுந்து நடந்து காட்டு'ன்னார். மூணு தடவை நடக்க வெச்சார்க்கா. மூணாவது தடவை எதுக்குன்னே தெரியல."

அவர் ஷூவை விட்டுவிட்டுக் காதைத் தேய்க்க ஆரம்பித்தார். காது சிவந்துபோயிற்று.

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேருக்கு நடுவில், அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வருடமாக அவரை விரட்டத்தான் அந்தப் பத்து நிமிடத்தை வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சீதனம் மாதிரி கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"பொய் சொன்னீங்க" என்றேன்.

"ஆமா" என்றார். "பசிக்குது. போலாமா?"

மறுநாள் காலை ஸ்டூலைப் போட்டு ஏறினேன், சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்ய. படி இறங்கவே முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"அதை எதுக்குத் தொடற?"

"இனிமே வேண்டாம் இந்தக் கூத்து."

"இருக்கட்டும்மா. எனக்கு வேணும்" என்றார். "அடுத்த வருஷம் மட்டும் பாதி வழியில அதுல கை வைக்காதே."

"அடுத்த வருஷமா?"

ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கடிகாரத்தைத் தொடாமல் இறங்கிவிட்டேன். அது ஏழு பத்து காட்டியது. இருவரும் ஒரு கணம் மேலே பார்த்து, பத்தைக் கழித்தோம்.